காலில் கட்டிய கல்

அத்தியாயம் 5

வேல்சாமி முப்பத்தொரு வருஷம் போலீஸில் இருந்தவர். திருடனைத் தேடியிருக்கிறார், சாராயம் காய்ச்சியவனைத் தேடியிருக்கிறார், வீட்டைவிட்டு ஓடின ஜோடிகளை ஆலங்குளம் வரைக்கும் துரத்திப் போயிருக்கிறார். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்குள் பிடித்தாக வேண்டும், பிடிக்க வேண்டியது ஆளா பொருளா என்றே தெரியாது என்று சொல்லி ஒருவரும் அவரை அனுப்பியதில்லை. அன்றைக்கு அனுப்பினார்கள். அனுப்பியவர் ஒரு டாக்டர்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரி வாசலில் பாண்டிசெல்வி ஸ்கூட்டரை நிறுத்தியபோது காலை மணி பத்தேகால். வேல்சாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டிலிருந்து இறங்கினார். பாண்டிசெல்வி அவருடைய உதவியாள். நாற்பத்திரண்டு வயசு, பதினைந்து வருஷம் ராஜபாளையம் நூற்பாலைகளில் ஷிப்ட் பார்த்தவள். மில்லை விட்டு வந்து ஆறு வருஷம் ஆகியும், மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய வாய் மட்டும் அடங்கவில்லை. கேட்டில் நின்ற செக்யூரிட்டி ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. சும்மா விடுவாளா?

"அண்ணே, மேக்காத்து ஆரம்பிச்சா இந்தக் கேட்டைக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க. பொறவு உங்களை எந்த ஊருல போய்த் தேட?"

அந்த மனுஷனும் சிரித்துவிட்டு, பார்வை நேரம் முடிந்த பிறகும் இரண்டு பேரையும் உள்ளே விட்டார். அதுதான் பாண்டிசெல்வியின் வித்தை. சிரிக்க வைத்தால் கதவு திறக்கும் என்பது அவளுடைய கொள்கை. பூட்டிய வாயும் திறக்கும். வேல்சாமி ரிட்டையர் ஆன பிறகு நடத்துகிற கல்யாண விசாரணைத் தொழில் ஓடுவதே அவள் வாயால்தான். மாப்பிள்ளை குடிக்கிறானா, பெண்ணுக்கு முன்னால் காதல் கீதல் உண்டா என்று அவள் சிரிக்கச் சிரிக்கக் கேட்டு வருவாள், இவர் அறிக்கை டைப் அடிப்பார். அறிக்கைக்கு இரண்டு விதி வைத்திருந்தார். பெயர் எழுதக் கூடாது, நம்பர்தான். நாளைக்கு யார் கைக்குப் போனாலும் வம்பு வராது. இரண்டாவது, ஒரு வரியாவது படிக்கிறவன் சிரிக்கிற மாதிரி இருக்க வேண்டும். வறட்டு அறிக்கையை எவன் கடைசி வரை படிப்பான்?

டாக்டர் கௌதம்ராஜ் ராஜபாளையத்துக்காரர், மூளை நரம்பு வைத்தியம் படித்தவர். தன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை விசாரித்த வகையில் வேல்சாமியைத் தெரியும். இரண்டு நாளாகத் தூங்காத முகத்தோடு அவர்களை ஐ.சி.யூ. கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார். உள்ளே கிடந்தவள் அனுசியா. இருபத்து நான்கு வயசு, மில் தொழிலாளி, வைகாசியில் கல்யாணம். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அம்மை போட்டிருக்கிறது, சாதாரணச் சின்னம்மைதான். வீட்டில் வேப்பிலை கட்டி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்பதாம் நாள் இரண்டாம் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கு வலிப்பு வந்து, தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வைரஸ் மூளைக்குள் போய்விட்டது.

"மூளைக்குள்ள காவலுக்குன்னே சில செல்கள் இருக்கு, அண்ணாச்சி" என்றார் டாக்டர். "அதுக மேல ஏற்பிகள்னு இருக்கு, நாங்க ரிசப்டார்ம்போம். வைரஸோட துணுக்கு வந்து பட்டதும் திருடன் திருடன்னு சத்தம் போடுறது அதுதான். அந்தச் சத்தத்துக்குத்தான் மத்த செல்கள் ஓடி வரும், வீக்கம் வரும்."

"அப்ப வீக்கம் நல்லதா, கெட்டதா?" என்று கேட்டாள் பாண்டிசெல்வி.

"அளவா இருந்தா உயிரைக் காப்பாத்தும். மீறினா, மண்டையோடு விரியாதுல்ல, மூளைதான் நசுங்கும்."

மீதியை அவர் வேகமாகச் சொன்னார். வந்த அன்றைக்கு முதுகில் நீர் எடுத்துச் சோதித்தபோது வைரஸ் ஏராளமாக இருந்தது, சண்டை நடந்த அடையாளம் மட்டும் ஏறக்குறைய இல்லை. அதாவது ஏற்பிகள் சத்தமே போடவில்லை. நேற்றிலிருந்து தலைகீழ். எல்லாம் ஒரே நேரத்தில் கத்துகிறது, மூளை வீங்கிக்கொண்டே போகிறது. இதற்கு இரண்டே காரணம் இருக்க முடியும். பிறவியிலேயே இவள் ஏற்பிகளில் கோளாறு இருக்கலாம். அல்லது வெளியிலிருந்து ஏதோ ஒன்று அவற்றின் வாயைக் கட்டி வைத்து, பிறகு திடீரென்று அவிழ்த்து விட்டிருக்கலாம். முதலாவது என்றால், வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது வைரஸுக்குக் கதவைத் திறந்து விடுகிற காரியம். இரண்டாவது என்றால் ஸ்டீராய்டு கொடுக்காமல் இருப்பதுதான் கொலை. பிறவிக் கோளாறா என்று கண்டுபிடிக்கிற பரிசோதனைக்கு மூன்று வாரம் ஆகும். இவளுக்கு மூன்று வாரம் கிடையாது.

"அஞ்சு மணிக்குள்ள நான் ஏதாவது ஒண்ணைச் செஞ்சாகணும். என்ன மருந்து சாப்பிட்டான்னு அவ அம்மாகிட்ட நாப்பது தடவை கேட்டுட்டேன். ஒரு மாத்திரைகூடக் குடுக்கலைன்னு ஆத்தா மேல சத்தியம் பண்ணுறாங்க."

வேல்சாமி கண்ணாடி வழியாகப் பார்த்தார். போலீஸ்காரக் கண் முதலில் பார்த்தது முகத்தை. கொப்புளங்களுக்கு நடுவிலும் முகம் உருண்டையாக, கழுத்தே தெரியாமல் இருந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த கை இரண்டும் குச்சி. ஒரே உடம்பில் இரண்டு ஆள் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தார். அப்புறம்தான் காலைப் பார்த்தார். வலது கணுக்காலில் மஞ்சள் துணியில் முடிந்து ஒரு கூழாங்கல் தொங்கியது.

வெளியே பெஞ்சில் இருந்த தாய் இருளம்மாளிடம் அதைப் பற்றிக் கேட்டார். வேண்டுதல் இல்லை என்றார் இருளம்மாள். நினைவு தப்புவதற்கு முந்தின நாள் முழுக்க, கால்ல கல்லக் கட்டும்மா, பறந்துருவேன், கல்லக் கட்டும்மா என்று அழுதிருக்கிறாள் மகள். காய்ச்சல் வேகத்தில் பேசுகிறாள் என்று தெரிந்தும் தாய் கட்டிவிட்டார். கட்டிய பிறகுதான் பிள்ளை அடங்கினாளாம். நர்ஸ் அவிழ்க்க வந்தபோது இவர் காலில் விழுந்துவிட்டார், டாக்டரும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"வீட்டுச் சாவி குடுங்க, தாயி" என்றார் வேல்சாமி. "ஒளிக்காம சொல்லுங்க. அம்மைக்கு முந்தி, நல்லா இருக்கும்போது, ஏதும் மருந்து தின்னாளா?"

"மருந்து எதுக்குய்யா? ஒரு தலைவலின்னு படுத்தவ இல்ல எம்புள்ள" என்றார் இருளம்மாள். சாவியைக் கொடுத்தபோது கண் தாழவில்லை. பொய் இல்லை என்று வேல்சாமிக்குத் தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் வேலை சுலபம்.

ராஜபாளையம் போகிற பதினொரு கிலோமீட்டரும் சித்திரை வெயில். அம்மைக்கும் மூளைக்கும் இடையில் இப்படி ஒரு காவல் ஸ்டேஷன் இருப்பது தனக்குத் தெரியாதென்றும், அங்கேயும் நம் ஊர் ஸ்டேஷன் மாதிரி எல்லாம் முடிந்த பிறகுதான் சத்தம் போடுவார்கள் போலிருக்கிறதென்றும் பாண்டிசெல்வி ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே சொன்னாள். வேல்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் ஒரு மகள் உண்டு, கோயம்புத்தூரில்.

மில்லுக்குப் பின்தெருவில் ஓட்டு வீடு. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து காய்ந்து தொங்கியது. பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி ஓடி வந்து மறித்தாள். அம்மை இறங்கின வீடு, மூன்றாம் தண்ணீர் இன்னும் ஊற்றவில்லை, வெளி ஆள் நுழையக் கூடாது. பாண்டிசெல்வி அவளை ஓரமாக அழைத்துப்போய்ப் பேச்சுக் கொடுக்க, வேல்சாமி காலைக் கழுவிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு அறை. இருபது நிமிஷத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அலமாரியில் கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட் மூன்று. மூன்றிலும் பக்கவாட்டுத் தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்திருந்தது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டு மாதத்துக்குள் பெண் இரண்டு சுற்றுப் பருத்திருக்கிறாள். அதில் ஒன்றும் குற்றமில்லை, கல்யாணப் பெண் பூசினாற்போல் ஆவது ஊரில் வழக்கம்தான். ஆனால் வேல்சாமியை உறுத்தியது வேறு. வீடு முழுக்கத் தேடியும் ஒரு மருந்து கிடைக்கவில்லை. காய்ச்சல் மாத்திரை, இருமல் டானிக், ஒரு தைலக் குப்பி, எதுவும் இல்லை. அறுபது வருஷத்தில் தைலக் குப்பி இல்லாத வீட்டை அவர் பார்த்ததில்லை. அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்திருந்தது. தூசிக்கு நடுவில் ஒரு சதுரமும் ஒரு வட்டமும் மட்டும் சுத்தமாக இருந்தன. ஒரு தகரப் பெட்டியும் ஒரு டப்பாவும் இருந்த இடம்.

வெளியே வந்தபோது முத்துப்பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாண்டிசெல்வி கண்ணைக் காட்டினாள், விஷயம் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆத்தா வந்திருக்கிற வீட்டில் மருந்து இருக்கக் கூடாது. குடுக்காமல் இருந்தால் மட்டும் போதாது, வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது, அவளுக்குக் கோபம் வரும். கொப்புளம் கண்ட அன்றைக்கே இருளம்மாள் வீட்டிலிருந்த மருந்து அத்தனையையும் வழித்து மஞ்சள் பையில் போட்டு, தெருக்கோடி மாரியம்மன் கோயில் வேம்பில் கட்டிவிட்டு வந்தாராம். மூன்றாம் தண்ணீர் ஊற்றினால்தான் அவிழ்ப்பார்கள். இவ்வளவு செய்த தாய், ஒரு மாத்திரைகூடக் குடுக்கவில்லை என்று சத்தியம் செய்தால் அது சத்தியம்தானே.

கோயில் வேம்பில் கை வைக்கப் பாண்டிசெல்வியே தயங்கினாள். வேல்சாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "ஆத்தா, திருடலை. சாட்சிக்குத்தான் கொண்டு போறேன்." பையை அவிழ்த்தார்.

தைலம், டானிக், பாதி தின்ற மாத்திரை அட்டைகள். மருந்துப் பெட்டி என்று நினைத்துச் சேர்த்த ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி. அப்புறம் அந்த வட்டத்துக்குச் சொந்தக்கார டப்பா, ஒரு கிலோ அளவு, அடியில் கொஞ்சம் பழுப்புப் பொடி. 'மணமகள் சத்துமாவு. முழுக்க முழுக்க மூலிகை. சர்க்கரை சேர்க்காதது, சர்க்கரை நோயாளிகளும் உண்ணலாம்' என்று லேபிள். கடை முகவரி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம்.

தகரப் பெட்டிக்குள் பஸ் ஸ்டாண்டு எடை மிஷினில் வருகிற சீட்டுகள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாக இருந்தன. வாரம் ஒன்று, ஒன்றையும் தூர எறியாமல் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தாள். தை மாசம் முதல் சீட்டில் நாற்பத்தொரு கிலோ. அடுத்த வாரமும் நாற்பத்தொன்று. அதற்கடுத்து நாற்பத்து மூன்று, நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு. பங்குனியில் ஐம்பத்து மூன்று. முதல் சீட்டின் பின்பக்கம் பேனாவால் 'ஐம்பத்தைந்து போதும்' என்று எழுதியிருந்தாள். கட்டுக்கு நடுவில் சின்னதாக மடித்த ஜெராக்ஸ் தாள் ஒன்றும் இருந்தது. கட்டம் போட்டது ஓரத்தில் தெரிந்தது. ஜாதகமாக இருக்கும் என்று வேல்சாமி அதைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். மணி இரண்டாகிவிட்டது, ஜாதகம் படிக்க நேரமில்லை.

"பத்து வாரத்துல பன்னெண்டு கிலோ" என்றார். "எந்த மூலிகை ஏட்டி இப்படி வேலை செய்யும்?"

பாண்டிசெல்வி ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தாள். பாதாம், ஏலக்காய், உளுந்து. அதற்கெல்லாம் கீழே ஒரு கசப்பு. மென்று முழுங்காமல் துப்பினாள்.

கடைக்காரன் பெயர் லிங்கேஸ்வரன். ஊதுபத்தி வாசனையும் சுவர் முழுக்க மணப்பெண் படங்களுமாகக் கடை கோயில் மாதிரி இருந்தது. பாண்டிசெல்வி முதலில் தனியாகப் போனாள். அண்ணன் மகளுக்குக் கல்யாணம், பிள்ளை தேறவே மாட்டேங்கிறாள் என்றாள். லிங்கேஸ்வரன் பெண்ணின் வயசைக் கேட்கவில்லை, எடையைக் கேட்கவில்லை. கல்யாணத் தேதி எப்போது என்று கேட்டான். தேதிக்குத் தகுந்த மாதிரிக் கலந்து தருவானாம். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வேல்சாமிக்குப் பாதி விளங்கிவிட்டது. உளுந்துக்கும் பாதாமுக்கும் காலண்டர் எதற்கு?

அவர் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். மிரட்டவில்லை. போலீஸில் இருந்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து இரண்டு ஸ்பூன் பொடியை அள்ளி ஒரு தாளில் கொட்டி அவன் முன்னால் நகர்த்தினார். நல்ல பொடி என்று சொல்கிறார்கள், நீங்கள் சாப்பிட்டுக் காட்டினால் நானும் வாங்குவேன் என்றார்.

லிங்கேஸ்வரன் சிரித்தான். "எனக்கு ஆகாது சார். சுகர் இருக்கு."

வேல்சாமி லேபிளைத் திருப்பிக் காட்டினார். சர்க்கரை சேர்க்காதது. சர்க்கரை நோயாளிகளும் உண்ணலாம்.

"அண்ணாச்சி, எழுதுனவரே படிக்கலை போலிருக்கு" என்றாள் பாண்டிசெல்வி. அவள் அன்றைக்குச் சொன்ன கடைசிக் கிண்டல் அது.

ஸ்டீராய்டு மாத்திரை தின்றால் முகம் ஊதும், எடை கூடும், சர்க்கரையும் எகிறும் என்று ராஜபாளையத்தில் ஆஸ்துமாவுக்கு மருந்து தின்கிற கிழவனுக்குக்கூடத் தெரியும். லிங்கேஸ்வரனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அனுசியாவின் பெயரையும், ஐ.சி.யூ. என்ற வார்த்தையையும் கேட்டதும் அவன் வியர்த்துப் போய் எல்லாவற்றையும் கொட்டினான். மாத்திரையைப் பொடித்துக் கலக்கிறான். ஒரு ஸ்பூனுக்கு இரண்டுக்குக் குறையாது, இவள் தினம் மூன்று ஸ்பூன் சாப்பிட்டிருக்கிறாள். அவசரமாகத் தேற வேண்டும் என்று அவளேதான் கூட்டிக் கேட்டாளாம். நிறுத்துவதாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னாயா என்று வேல்சாமி கேட்டார். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றான்.

வேல்சாமி டாக்டருக்குப் போன் போட்டபோது மணி மூன்று நாற்பது. டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு மருந்தின் பெயரைச் சொல்வது கேட்டது, போனை வைக்க மறந்து ஓடுகிற சத்தமும் கேட்டது. பாண்டிசெல்வி ஸ்கூட்டரை ஓட்டின ஓட்டத்தில் எதிரே வந்த பஸ்காரர்கள் வைதார்கள். ஐந்து மணி என்றார்கள், ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டோம் என்று வேல்சாமி மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். முப்பத்தொரு வருஷத்தில் எந்தக் கேஸுக்கும் அவர் இப்படிச் சாமியைக் கூப்பிட்டதில்லை.

டாக்டர் வராந்தாவில் நின்றிருந்தார். மருந்து போட்டாகிவிட்டது என்றார். ஆனால் மூன்று மணிக்கே எடுத்த ஸ்கேன் இப்போதுதான் வந்தது. வீங்கின மூளை இடமில்லாமல் கழுத்துப் பக்கமாகக் கீழே இறங்கிவிட்டது. டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கவில்லை.

"நீங்க சொன்னது சரி, அண்ணாச்சி. அந்தப் பொடி ஏற்பிகளோட வாயைக் கட்டியிருக்கு. வைரஸைத் தொட்டுப் பார்த்திருக்கும், அடையாளமும் தெரிஞ்சிருக்கும், சத்தம்தான் போட முடியலை. வைரஸ் நிதானமா மேல ஏறியிருக்கு. கொப்புளம் கண்ட அன்னைக்கே பொடியை ஒரேயடியா நிறுத்திட்டாங்க. கட்டு மெல்லத் தளர்ந்து நேத்துத்தான் அவிழ்ந்தது, அவிழ்ந்ததும் எல்லா ஏற்பியும் ஒண்ணாக் கத்தியிருக்கு. அப்ப மூளை பூரா வைரஸ்."

"இனி?" என்றார் வேல்சாமி.

"நேத்து இந்நேரம் தெரிஞ்சிருந்தா சண்டை போட்டுப் பார்த்திருப்பேன். ஜெயிச்சிருப்பேன்னு சொல்ல மாட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூச்சு மிஷினை நான் நிறுத்தப் போறதில்லை. நாளைக்குக் காலையில நெஞ்சுத் துடிப்பு அதுவா நின்னாலும் நிக்கும்."

இருளம்மாள் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் டாக்டரிடம் ஒரே கேள்விதான் கேட்டார். நான் பையைக் கட்டினதாலதானா சாமி என்றார். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"மாவுன்னுல்ல நெனச்சேன்" என்றார் இருளம்மாள். "திங்கிற மாவு. மூலிகைன்னு டப்பாவுல எழுதியிருந்ததால அதையும் சேத்துக் கட்டுனேன்."

வேல்சாமி கைக்குட்டையை எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டார். அந்த ஜாதகம் வந்தது. சும்மா நிற்க முடியாமல் அதைப் பிரித்தார்.

ஜாதகம் இல்லை. கட்டம் போட்ட ஒரு படிவம். மேலே முகவரி இருந்த பகுதியைக் கிழித்துவிட்டு ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். ஆனால் அந்தக் கட்டத்தைப் போட்டவருக்கு முகவரி எதற்கு? போன கார்த்திகையில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் தரகர் மூலமாக ஐந்து பெண்களின் விவரம் கேட்டிருந்தார்கள். தரகர் அடையாளம் காட்ட, ஐந்து பேரையும் பாண்டிசெல்வி பெயர்கூடக் கேட்காமல் ஒரே நாளில் மில் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் தூர நின்று பார்த்து வந்தாள். அன்றைக்கு மத்தியானம் டீயைக் குடித்துக்கொண்டே அவள் சொல்லச் சொல்ல இவர் டைப் அடித்தார்.

'மூன்றாம் நம்பர்: குணம் தங்கம். வேலையில் கெட்டி. வம்புதும்பு இல்லை. உடம்புதான் இல்லை. மேல்காற்று அடித்தால் ராமேஸ்வரத்தில் போய்த்தான் தேட வேண்டும். தாலி கட்டும்போதே காலில் ஒரு கல்லையும் சேர்த்துக் கட்டிவிடுவது உத்தமம்.'

இரண்டாவது விதிப்படி எழுதிய வரி. வேல்சாமி தாளைப் பாண்டிசெல்வியிடம் நீட்டினார். அவள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இருளம்மாளுக்குத் தாள் அடையாளம் தெரிந்தது. "இதேதான்" என்றார். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா வெங்கடேஸ்வரி எல்லார் முன்னாலும் இதை விரித்து வாசித்தாராம். சபையே சிரித்ததாம். அனுசியாவும் தலையைக் குனிந்துகொண்டு கூடச் சேர்ந்து சிரித்தாளாம். வைகாசிக்குள் பெண் தேறிவிட வேண்டும் என்று சொல்லித் தாளை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

"யாரோ துப்பறியுறவுகளாம், அவுக எழுதுனதாம். நீங்களும் அந்த வேலைதானய்யா பாக்கிய. கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அவுகளை ஒருக்க நான் பாக்கணும்."

கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லிவிடலாம். நம்பர் மட்டும்தானே இருக்கிறது, பெயர் இல்லை. வம்பு வரக் கூடாது என்றுதானே அந்த விதி. வேல்சாமி ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தார். இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் சொல்லாமல் போனால் இந்தத் தாய் சாகிற வரைக்கும் அந்த மஞ்சள் பையையே நினைத்துக்கொண்டு கிடப்பார்.

"தாயி, நீங்க நிறுத்துனது மருந்துன்னு உங்களுக்குத் தெரியாது. அது உங்க குத்தமில்லை" என்றார். "இதை எழுதுனது நான்தான். சொன்னது இவ."

இருளம்மாள் அவரைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த பாண்டிசெல்வியைப் பார்த்தார். சத்தம் போடுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று வேல்சாமி காத்திருந்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. இருளம்மாள் கேட்டது வேறு.

"இதை எழுதையில சிரிச்சியளா?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை விசாரணை செய்தவர் வேல்சாமி. பொய் சொன்னால் கண்ணில் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

"சிரிச்சோம்" என்றார்.

இருளம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் அவர்களை விட்டுவிட்டு ஐ.சி.யூ. கதவைத் தள்ளிக்கொண்டு போனார். யாரும் தடுக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, மகளின் கணுக்காலில் தளர்ந்திருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, கல்லை உள்ளே வைத்து, இன்னும் இறுக்கமாக முடிச்சுப் போட்டார்.